சிக்னல் கணக்கில் ஒரு திருத்தம்



போன மாதம் நான் எழுதிய பதிவு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "எங்கள் சிக்னல் ஒரு நாளில் 2.6 டன் புகையைக் கக்குகிறது" என்று தலைப்புப் போட்டிருந்தேன். பொங்கல் கோலம் போட்டால் முப்பது பேர், தொட்டியில் மாதுளை காய்த்தால் நாற்பது பேர் என்று போய்க்கொண்டிருந்த என் பக்கத்தில் அந்த ஒரு பதிவை மட்டும் முந்நூறு பேருக்கு மேல் பகிர்ந்திருந்தார்கள். துபாயில் இருக்கும் என் நாத்தனார் மகன் "அத்தை, கலக்கிட்டீங்க" என்று போனே போட்டுவிட்டான். நானும் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை.

அந்த 2.6 டன் தப்பு. கொஞ்சநஞ்சம் இல்லை, நாலு மடங்குக்கு மேல் தப்பு.

பதிவை நீக்கிவிடலாம் என்று மகன் சொன்னான். தப்பாகப் போட்ட கணக்கின் பக்கத்தைக் கிழித்துவிட்டு வரும் பிள்ளைகளை நான் என்ன செய்வேன் என்று என்னிடம் படித்த எல்லோருக்கும் தெரியும். தாளைக் கிழிக்கக் கூடாது, தப்பின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும் என்பேன். ஆகவே பழைய பதிவு அங்கேயே இருக்கிறது. இது அதன் பக்கத்தில் எழுதுவது. கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

எதற்காக இந்தக் கணக்கில் இறங்கினேன் என்பதைப் போன தடவை நான் எழுதவில்லை. வீட்டு விஷயம் என்று விட்டுவிட்டேன். அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

பேரன் இரண்டாம் வகுப்பு. மகனும் மருமகளும் வேலைக்குப் போவதால் சாயங்காலம் 4 மணிக்கு அவனைக் கூட்டி வருவது என் பொறுப்பு. பள்ளியின் வாசல் மெயின் ரோட்டைப் பார்த்து, சிக்னலுக்கு நூறு அடி தள்ளி இருக்கிறது. எந்தப் பள்ளி, எந்த சிக்னல் என்று கேட்காதீர்கள். மதுரையில், வைகைக்கு வடக்கே என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆடிக் கடைசியில் ஒரு ராத்திரி அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. சின்னப் பிள்ளையின் விலா எலும்பு உள்ளே போய் உள்ளே போய் வருவதைப் பார்த்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருப்பது என்னவென்று பட்டவர்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்து, விடிகிற நேரத்தில்தான் கண் அயர்ந்தான். "அப்பத்தா, நாளைக்கு டிக்டேஷன் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தூங்கினான்.

டாக்டர் பல காரணங்கள் சொன்னார். சளி, வீட்டுத் தூசி, பரம்பரை (என் மாமனாருக்கு இளைப்பு உண்டு), கொசுவர்த்தி, வண்டிப் புகை. கொசுவர்த்தியை அன்றைக்கே நிறுத்தினோம். மெத்தையை வெயிலில் போட்டோம். வண்டிப் புகையை எங்கே போய் நிறுத்துவது? பள்ளிக்குப் பின்பக்கம் ஒரு சந்து இருக்கிறது. அங்கே ஒரு சின்னக் கேட்டும் இருக்கிறது, எப்போதும் பூட்டியே கிடக்கும். சின்னப் பிள்ளைகளை அந்த வழியாக விட்டால் என்ன என்று தாளாளரிடம் கேட்கப் போனேன். அவர் நல்ல மனிதர்தான். "டீச்சர், எல்லாரும் புகை புகைன்னு சொல்றாங்க. எவ்வளவு புகைன்னு யாராவது ஒரு நம்பர் சொன்னா நான் கமிட்டியில வைக்கலாம்" என்றார்.

நம்பர் கேட்டால் டீச்சர் சும்மா இருப்பாளா.

மகன் காரில் போகும்போது போன் மேப்பைப் பார்த்து, "செவப்பா இருக்கும்மா, சுத்திப் போவோம்" என்பான். அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று அதுவரை நான் யோசித்ததில்லை. போலீஸ் கேமரா வைத்துச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நம் பையில் இருக்கும் போன்தான் சொல்கிறது. இருப்பிடம் காட்டும் வசதி திறந்திருக்கும் போன்கள் எல்லாம் எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்பதைக் கூகுள் சேர்த்துப் பார்க்கிறது. வழக்கமான வேகத்தில் போனால் பச்சை, தேங்கினால் ஆரஞ்சு, பிறகு சிவப்பு, ஒரேயடியாக நின்றுபோனால் அரக்குச் சிவப்பு.

2020-ல் ஜெர்மனியின் பெர்லின் நகரத்தில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் ஒரு வேலை செய்தார். 99 பழைய போன்களை ஒரு சின்னத் தள்ளுவண்டியில் போட்டு, ஆளில்லாத தெருவில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தார். மேப்பில் அந்தத் தெரு சிவப்பாகிவிட்டது. அங்கே ஒரு வண்டிகூட இல்லை. இதைப் படித்தபோது சிரித்தேன். சிரித்ததோடு நிற்காமல் பாடமாகவும் எடுத்திருக்க வேண்டும். மேப்புக்குத் தெரிந்தது வேகம் மட்டுமே. எத்தனை வண்டி, என்ன வண்டி, எந்த எண்ணெய், சைலன்சரில் என்ன வருகிறது, இது எதையும் அந்த நிறம் சொல்லாது.

ஆனாலும் வேகம் தெரிவது பெரிய விஷயம். கார் ஒரு கிலோமீட்டர் போகக் குடிக்கும் பெட்ரோல், 60 முதல் 80 வரை சீரான வேகத்தில் போகும்போதுதான் மிகக் குறைவு. 20-க்குக் கீழே வர வர, ஊர்ந்து நின்று ஊர்ந்து நின்று போகப் போக, அதே கிலோமீட்டருக்கு எண்ணெய் கிடுகிடுவென்று ஏறும். டாம்டாம் என்ற நிறுவனம் 2023-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கில் பெங்களூரின் நடு ஊருக்குள் 10 கிலோமீட்டர் போக 28 நிமிடம் 10 விநாடி. உலகத்தில் ஆறாவது இடம். மணிக்கு 21 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் வருகிறது. ஊர்களின் போக்குவரத்துப் புகையை இப்படி இணையத் தரவை வைத்து மதிப்பிடும் கருவி ஒன்றைக் கூகுளே 2018-ல் வெளியிட்டது. பெரிய பெரிய ஆட்கள் செய்வதை நான் ஒரே ஒரு சிக்னலுக்குச் செய்து பார்க்கலாமே என்றுதான் துணிந்தேன்.

வேகம் மேப்பிலிருந்து, எண்ணிக்கை என் கண்ணிலிருந்து. இதுதான் திட்டம்.

பள்ளி வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பூக்காரம்மா கடை போட்டிருக்கிறார். அவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொடுத்தார். செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாள், மாலை 3.45 முதல் 4.45 வரை, பள்ளிப் பக்கத்து ரோட்டில் சிக்னலை நோக்கி வரும் வண்டிகளை மட்டும் எண்ணினேன். பழைய நாற்பது பக்க நோட்டு, நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்கே. 36 வருஷம் மூன்றாம் வகுப்புக்கு இந்த நேர்க்கோட்டுக் குறியைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், சொந்தக் காரியத்துக்காக அதைப் போட்டது இதுதான் முதல் தடவை. முதல் நாள் பைக்குகளை எண்ணிக் கண் பூத்துவிட்டது. இரண்டாம் நாளிலிருந்து பைக்கைப் பூக்காரம்மாவின் மகளிடம் ஒப்படைத்தேன். பிளஸ் ஒன் படிக்கிறாள், கெட்டிக்காரி. சம்பளமாகத் தினமும் ஒரு பன்னீர் சோடா.

சராசரியாக ஒரு மணி நேரத்தில்: பைக், ஸ்கூட்டர் 1,180. ஆட்டோ, ஷேர் ஆட்டோ 260. கார் 310. டவுன் பஸ், மினி பஸ் 95. வேனும் லோடு வண்டியும் சேர்த்து 55. மொத்தம் 1,900.

மேப்பில் பெட்ரோல் பங்கிலிருந்து சிக்னல் வரை, முக்கால் கிலோமீட்டர் சுமார், விடியற்காலையில் 2 நிமிடம் காட்டுகிறது. மாலை 4 மணிக்கு 7 நிமிடம். ஆக, ஒவ்வொரு வண்டிக்கும் 5 நிமிடம் தண்டம். எங்கள் தெரு மெக்கானிக் ஷெட்டில் கேட்டேன். ஏசி போடாமல் சும்மா நிற்கும் கார் மணிக்கு அரை லிட்டருக்கு மேல், முக்காலுக்குள் குடிக்கும் என்றார். 0.6 என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்து, பெட்ரோலைக் கரியமில வாயுவாக மாற்ற வேண்டும். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது, அதனால் மறுபடியும் சொல்கிறேன். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதை எரித்தால் 2.3 கிலோ கரியமில வாயு வருகிறது. முக்கால் கிலோ எரித்து இரண்டே கால் கிலோவுக்கு மேல் எப்படி வரும்? மீதி எடை காற்றிலிருந்து வருகிறது. அந்தப் பெட்ரோலில் சுமார் 640 கிராம் கார்பன். கார்பன் அணு ஒன்றின் நிறை 12. எரியும்போது அது தலா 16 உள்ள இரண்டு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 ஆகிவிடுகிறது. 640-ஐ 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்துப் பாருங்கள். டீசல் இன்னும் கனம், லிட்டருக்கு 2.7 கிலோவை ஒட்டி வரும்.

என் கணக்கு இப்படிப் போனது. 1,900 வண்டி, தலா 5 நிமிடம், 9,500 நிமிடம். மணியாக்கினால் 158. 0.6-ஆல் பெருக்கினால் 95 லிட்டர். 2.3-ஆல் பெருக்கினால் 218 கிலோ. ஒரு மணி நேரத்துக்கு 218 கிலோ என்றால், காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை 12 மணி நேரத்துக்கு 2,600 கிலோ. இரண்டு தடவை சரிபார்த்தேன். பெருக்கல் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

தாளாளர் அந்தப் பதிவை அச்செடுத்தார். பின் கேட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "இதை வச்சு சிக்னல் நேரத்தை மாத்தச் சொல்லி மனு கொடுத்துடலாம் டீச்சர்" என்றார். என் பதிவை இணைத்து மனுவும் போய்விட்டது.

நாலாம் நாள் பெங்களூரிலிருந்து ஒரு போன். 1991-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவன். பதினேழாம் வாய்ப்பாடு வராமல் ஒரு வாரம் பெஞ்சு மேல் நின்றவன். (அவன் பெயரை நான் எழுத மாட்டேன், வேண்டுமானால் அவனே கீழே வந்து சொல்லிக்கொள்ளட்டும்.) இப்போது போக்குவரத்துத் திட்டம் போடும் வேலையில் இருக்கிறான். நலம் விசாரித்தான், என் முழங்கால் வலியைக் கேட்டான், ரிட்டையர் ஆன மற்ற டீச்சர்களைக் கேட்டான். பத்து நிமிடம் கழித்து, "டீச்சர், கோவிச்சுக்க மாட்டீங்கள்ல?" என்றான்.

"சொல்லுடா."

"மேப்புல நேரம் பார்த்தீங்கள்ல, மேல கார் படம் இருக்கும், பக்கத்துல பைக் படம் இருக்கும். பைக்கை அழுத்திப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. இந்தியாவில் இரு சக்கர வண்டிக்கென்று தனியாக நேரம் காட்டும் வசதி 2017 டிசம்பரிலேயே வந்துவிட்டதாம். அப்போதே அழுத்தினேன். கார் 7 நிமிடம் எடுக்கும் இடத்தில் பைக்குக்கு 4 நிமிடம். தினமும் என் கண் முன்னால் நடப்பதுதானே. கார் வரிசையாக நிற்கும், பைக்காரன் பிளாட்பாரத்தை உரசிக்கொண்டு முன்னால் போய் நிற்பான். என் 1,900-ல் 1,180 பைக். அத்தனைக்கும் காரின் தாமதத்தைப் போட்டிருக்கிறேன். காரின் எண்ணெயையும் போட்டிருக்கிறேன். பைக் சும்மா நின்றால் மணிக்குக் கால் லிட்டர் கூடக் குடிக்காது.

அடுத்தது அதைவிட மோசம். நான் எண்ணியது பள்ளி விடும் நேரம், நாளிலேயே நெரிசலான நேரங்களில் ஒன்று. அதைப் போய் 12-ஆல் பெருக்கிவிட்டேன். "மதியம் ரெண்டு மணிக்கு அங்க பச்சையா இருக்கு டீச்சர், இப்பத்தான் பார்த்தேன்" என்றான். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ரோட்டை அவன் பார்க்கிறான். ரோட்டு ஓரம் இருக்கும் நான் பார்க்கவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் ஜவுளிக்கடை விற்பனையை 365-ஆல் பெருக்கிக் கடைக்காரனுக்கு வருமானம் சொன்ன மாதிரிதான்.

ராத்திரி அவன் சொல்லச் சொல்ல நான் மறுபடி போட்டேன். பைக் 1,180, தலா 2 நிமிடம், மணிக்கு 0.2 லிட்டர்: 7.9 லிட்டர். ஆட்டோ 260, தலா 3 நிமிடம், 0.3 வீதம்: 3.9. கார் 310, 5 நிமிடம், 0.6: 15.5. பெட்ரோல் சேர்த்து 27.3 லிட்டர். பஸ் 95, 5 நிமிடம், மணிக்கு 2 லிட்டர்: 15.8. வேனும் லோடு வண்டியும் 55, 5 நிமிடம், 1 லிட்டர்: 4.6. டீசல் 20.4. கரியமில வாயு பெட்ரோலுக்கு 63 கிலோ, டீசலுக்கு 55 கிலோ. மொத்தம் 118. நான் சொன்ன 218-ல் பாதியை ஒட்டி. நாள் முழுக்க மேப்பின் தாமதத்தை மணிக்கு மணி குறித்துக் கூட்டினால், சாயங்கால நெரிசல் போல ஐந்து மணி நேரத்துக்குச் சமமாக வருகிறது. ஐந்தால் பெருக்கினால் 590 கிலோ.

"590-னு எழுதாதீங்க டீச்சர். எல்லா வண்டியும் எஞ்சினை ஓடவிட்டுக்கிட்டே நிக்காது, சில பேர் அணைப்பாங்க. ஊர்ந்து ஊர்ந்து போறது சும்மா நிக்கிறதைவிட அதிகமாக் குடிக்கும். ஷேர் ஆட்டோ சிலது டீசல், சில ஆட்டோ கேஸ். 450-லேருந்து 750-க்குள்ளன்னு எழுதுங்க."

எனக்கு இது கசந்தது. விடை என்றால் ஒன்றுதான் என்று காலமெல்லாம் சிவப்பு மையால் வட்டம் போட்டவள் நான். ஆனால் அவன் சொல்வது சரி. எனவே திருத்தம் இது: எங்கள் சிக்னலில், அந்த ஒரு பக்கத்து ரோட்டில், தாமதத்தால் மட்டும் கூடுதலாக வருவது ஒரு நாளுக்கு 450 முதல் 750 கிலோ கரியமில வாயு. 2.6 டன் அல்ல. பகிர்ந்தவர்கள் இதையும் பகிரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் ரெண்டு பத்தியில் முடித்திருப்பேன். போனை வைக்கப் போகும்போது அவன், "எதுக்கு டீச்சர் இந்தக் கணக்கு, உங்களுக்கு?" என்று கேட்டான். பேரனைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "டீச்சர், கரியமில வாயுவால புள்ளைக்கு இழுக்காது" என்றான்.

எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். நான்தானே ஐந்தாம் வகுப்பில் சோடா பாட்டிலைக் காட்டி, நாம் மூச்சு விடுவதும் இதுதான் என்று நடத்தினேன். கரியமில வாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. அது பூமி சூடாவதற்குக் காரணம். எங்கள் ரோட்டில் விட்டாலும் அமெரிக்காவில் விட்டாலும் அதற்கு ஒன்றுதான். அதைப் போய் "2.6 டன் புகை" என்று தலைப்புப் போட்டிருக்கிறேன். பிள்ளையின் நெஞ்சுக்குப் போவது வேறு. சரியாக எரியாத டீசலின் கரித்துகள், நைட்ரஜன் ஆக்சைடுகள். பி.எம். 2.5 என்கிறார்களே, அந்தத் துகள் தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குதான். மூக்கில் நிற்காது, நுரையீரலின் அடிவரை போகும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லேயே அறிவித்துவிட்டது. அதற்கும் பெட்ரோல் லிட்டர் கணக்குக்கும் நேர் விகிதம் கிடையாது. 2020 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு விற்ற பி.எஸ். 6 டீசல் வண்டியில் துகள் வடிகட்டி உண்டு. அதற்கு முந்தைய பழைய வண்டி ஒன்று, அதே டீசலைக் குடித்துவிட்டு, பல மடங்கு கரியைத் துப்பும்.

"எவ்வளவு வருதுங்கிறதைவிட எங்க வருதுங்கிறது முக்கியம் டீச்சர். ரோட்டை விட்டு நூறு இருநூறு மீட்டர் தள்ளினாலே துகள் நல்லாக் குறைஞ்சிடும். புள்ளை எங்க நிக்கிறான், அவன் மூக்கு எந்த உசரத்துல இருக்கு, அதுக்குப் பக்கத்துல எது நிக்குது, அதைப் பாருங்க."

என் பேரன் மூன்றே முக்கால் அடி. மறுநாள் அதே ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன், நோட்டு இல்லாமல்.

மூன்று நாள் எண்ணியும் நான் எண்ணாதது ஒன்று அங்கே இருந்தது. நான் எண்ணியது என்னைக் கடந்து போகும் வண்டிகளை. கடந்து போகாமல் என் முதுகுக்குப் பின்னால், கேட்டை ஒட்டி, வரிசையாக நின்றுகொண்டிருந்தவை பள்ளி வேன்கள். பதினொன்று. 3.40-க்கே வந்து இடம் பிடித்துவிடும், 4.05-க்குப் பிறகுதான் கிளம்பும். அத்தனையும் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் நிற்கின்றன. மேப்பிலும் அவை இல்லை, ஓரமாக நிற்கும் வண்டியால் ரோட்டுக்கு நிறம் மாறாது. கணக்குப் பார்த்தால், 11 வேன், 25 நிமிடம், மணிக்கு ஒரு லிட்டர், நாலரை லிட்டர் டீசல் சொச்சம், 12 கிலோ கரியமில வாயு. என் பெரிய பட்டியலில் கடைசி வரியாகக்கூட வராது. ஆனால் சின்ன வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்பது அந்தச் சைலன்சர்களுக்கு நாலு எட்டு தள்ளி.

பூக்காரம்மாவிடம் சொன்னேன். அவர் மல்லிகையை ஈரத் துணியால் மூடிக்கொண்டே, "ஆமா டீச்சர், அந்தக் கடைசி வேன் வந்து நின்னா நான் பூவை மூடிருவேன். இல்லேன்னா பூ கருத்துப்போகும்" என்றார். மூன்று நாளும் அவர் 3.40-க்கு மூடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். வெயிலுக்கு என்று நினைத்தேன்.

டிரைவர்களிடம் பேசினேன். ஏன் தம்பி அணைக்கக் கூடாது என்று கேட்டால், ஒருவர் சொன்னார், "அணைச்சா செல்ஃப் எடுக்காது டீச்சர். பேட்டரி போயிருச்சு. புள்ளைங்களை ஏத்திக்கிட்டு ரோட்டுல தள்ளச் சொல்றீங்களா?" எதிர்த்துப் பேச எனக்கு வார்த்தை இல்லை. இன்னொருவர் வெறும் பழக்கம் என்று ஒத்துக்கொண்டார். வேன்களைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை: பிள்ளையை ஏற்ற வரும் பெற்றோர் பைக்குகளும் ஓடிக்கொண்டுதான் நிற்கின்றன. சனிக்கிழமை கூட்டிப்போக வரும் என் மகனுடையதும். டெல்லியில் 2020-ல் சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை அணை என்று அரசே இயக்கம் நடத்தியது. நம் வீட்டில் அதை நடத்த ஆள் இல்லை.

இனி தாளாளரிடம் போக வேண்டும். அவர் மனுவில் என் 2.6 டன் இருக்கிறது. மருமகள், "அத்தை, நல்ல காரியத்துக்குத்தானே போயிருக்கு. யாரு போய் அதைப் பெருக்கிப் பார்க்கப் போறா?" என்றாள். அவள் சொன்னதில் ஆசை இல்லாமல் இல்லை எனக்கு. சிக்னல் நேரம் மாறினால் எல்லோருக்கும் நல்லதுதான். நம்பர் பெரிதாக இருந்தால்தான் ஆபீசில் காது கொடுப்பார்கள் என்பதும் உண்மை. ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். யாராவது ஒரு அதிகாரி, கணக்குத் தெரிந்தவர், அந்த மனுவை எடுத்து ஒரு தடவை பெருக்கிப் பார்த்தால், இனி அந்தப் பள்ளி வாசலைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அந்த டீச்சரம்மா கதைதானே என்று ஒதுக்கிவிடுவார். அதைவிட, பெருக்கிப் பார்க்க ஆள் இல்லை என்று தெரிந்தே விடுவது. நோட்டுத் திருத்தும்போது எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருப்பேன், டீச்சர் இந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அந்த முகத்தோடு என்னால் கேட் முன்னால் நிற்க முடியாது.

போனேன். திருத்திய கணக்கைக் கையால் எழுதிக் கொடுத்தேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "மனு போயாச்சே டீச்சர். இப்ப நான் போய் என்னன்னு சொல்றது?" என்றார். நானே வந்து சொல்கிறேன் என்றேன். வேன் விஷயத்தையும் அப்போதே சொல்லிவிட்டேன். தள்ளிப் போட்டால் தைரியம் போய்விடும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப எங்க வண்டிதான்கிறீங்க" என்றார். உங்கள் வண்டி மட்டும் இல்லை சார், ரோட்டுப் பஸ்களும்தான். ஆனால் பஸ்ஸை நாம் நகர்த்த முடியாது, வேனை நகர்த்தலாம் என்றேன். காபி வரவில்லை. வழக்கமாக வரும்.

அடுத்த வாரம் மனுவுக்கு ஒரு திருத்தக் கடிதம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். பதில் இன்னும் இல்லை. வேன்களுக்கு ஒரு சுற்றறிக்கை போனது: பெல் அடிக்கும் வரை பின் சந்தில் நிற்க வேண்டும், எஞ்சினை அணைக்க வேண்டும். பதினொன்றில் எட்டு வேன் அப்படிச் செய்கிறது. இரண்டுக்குப் புது பேட்டரி போட்டார்கள். அந்தக் கடைசி வேனைப் போன வெள்ளிக்கிழமை நாலு டிரைவர்கள் சேர்ந்து தள்ளினார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள், டிரைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பின் கேட் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது; அங்கே நிற்க ஒரு வாட்ச்மேன் வேண்டுமாம், அடுத்த கமிட்டியில் பேசுவார்களாம்.

பேரனுக்குக் குறைந்ததா என்று பலர் கேட்கிறீர்கள். போன வாரம் ஒரு நாள் லேசாக இழுத்தது. வேன் நகர்ந்ததால் குறைந்தது என்றோ, நகர்ந்தும் குறையவில்லை என்றோ நான் சொல்ல மாட்டேன். மழைக்காலம், சளி, ஒரே ஒரு பிள்ளை, ஒரே ஒரு மாதம். ஒரு தடவை அவசரப்பட்டு நம்பர் சொன்னது போதும்.

வரும் செவ்வாயிலிருந்து மறுபடி மூன்று நாள் எண்ணப் போகிறேன். இந்தத் தடவை டீசல் வண்டி மட்டும், 2020-க்கு முந்தியதா பிந்தியதா என்று தனித்தனியாக. நம்பர் பிளேட்டைப் பார்த்து ஒரு மாதிரி ஊகிக்கலாம் என்கிறான் பெங்களூர்க்காரன், பூக்காரம்மாவின் மகளுக்கு அது சட்டென்று பிடிபட்டுவிட்டது. எனக்குக் கண் ஓடவில்லை. மதுரையில் இருக்கும் மாணவர்கள் யாராவது 3.30-க்கு வர முடிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். இரண்டு பேர் போதும். பேனா வேண்டாம், பென்சில் கொண்டு வாருங்கள். ஸ்டூல் ஒன்றுதான் இருக்கிறது, அது எனக்கு.